கொஞ்சம் என்று சொன்னவர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை நிறைத்து வீற்றிருக்கும் மூத்தோர்களே, காதில் கருவியும் கழுத்தில் வலியுமாகக் காலை முதல் பேசிக் களைத்துவிட்டு, போதாததற்கு என் பேச்சையும் கேட்க வந்திருக்கும் தோழர்களே, அலுவலகத்தில் உட்கார்ந்து அடுப்பை நினைத்து, அடுப்படியில் நின்று அலுவலகத்தை நினைத்து, இரண்டிலும் திட்டு வாங்கும் தாய்மார்களே, சீக்கிரம் கிளம்பலாம் என்று வாசலருகே இடம்பிடித்திருக்கும் அறிவாளிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். காரணம் எனக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் இதே மேடையில் அவரைப் 'பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய' என்று அழைத்தவன் நான். இன்று வெறும் மதிப்போடு நிறுத்திக்கொண்டேன். ஐயா, உங்கள் மீதுள்ள மரியாதை குறைந்துவிடவில்லை. அளவுச் சொற்களைப் பற்றிப் பேச வந்த நாளில் அளவோடு அழைப்போமே என்று பார்த்தேன். அந்தப் 'பெரு'வைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கொடுக்க வேண்டிய நேரம் வந்தால் கொடுப்பேன்.

இன்றைய தலைப்பு, ஆங்கில வாக்கியங்களில் அளவுச் சொற்களை இயல்பாகப் பயன்படுத்துவது எப்படி என்பது. சிரிக்காதீர்கள். சங்கக் கூட்டத்துக்கு நிறுவனத்திடம் அரங்கம் கேட்டோம். பயிற்சி வகுப்புக்குத்தான் தருவோம் என்றார்கள். என்ன வகுப்பு என்று கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். கொஞ்ச நாளாக என் மனதை அரித்துக்கொண்டிருப்பதும் அதுதான் என்பதால் அதுவே வாயில் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, ஆகவே இது வகுப்புதான். நம் நிறுவனத் தலைவரும் அதை நம்பித்தான் தலைமை தாங்க வந்திருக்கிறார்.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? குரலை உயர்த்த வேண்டுமா? தோழரே, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு நேராக இங்கே வந்து நிற்கிறேன். என் தொண்டையில் இன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். நீங்கள் இரண்டு வரிசை முன்னால் வாருங்கள், நான் ஒலிபெருக்கியை இன்னும் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம்முடையது லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் அது நம் காதில்தான் ஒலிக்கும். அழைப்பவர்களில் பெரும்பாலோர் நம் ஊரில் வந்து குடியேறிய, பிறந்தது முதல் ஆங்கிலமே பேசுகிற வெளிநாட்டவர்கள். எடுத்துப் பேசும் நாமோ, வீட்டில் ஒரு நாக்கு, அழைப்புக் கூடத்தில் ஒரு நாக்கு என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொள்கிறவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, எது அவசரம், எது ஆறப்போடலாம் என்று முடிவு செய்து, மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். நம் பிழைப்பு இதுதான்.

இந்த முடிவை எப்படி எடுப்பது என்று சொல்லித்தரத் தலைமையகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். பலகையில் ஓர் ஏணி வரைந்தார். அடிப்படியில் 'எ லிட்டில்'. அதற்கு மேலே 'ராதர்'. அதற்கு மேலே 'க்வைட்'. பிறகு 'வெரி'. உச்சாணியில் 'எக்ஸ்ட்ரீம்லி', 'டோட்டலி', 'அப்சலூட்லி'. வாடிக்கையாளர் எந்தப் படியில் நின்று பேசுகிறாரோ, அதற்கேற்ற நிறத்தை நாம் திரையில் தட்ட வேண்டும். 'க்வைட்' வரை கீழ்ப்படி, பச்சை, பொறுக்கலாம். நடுப்படி என்றால் மஞ்சள், பார்க்கலாம். உச்சிப்படி என்றால் சிவப்பு, மற்றதை விட்டுவிட்டு மெக்கானிக் அங்கே ஓட வேண்டும். அழகாகத்தான் வரைந்தார், குறை சொல்லவில்லை. ஆனால் தோழர்களே, மனிதன் ஏணியில் ஏறி நின்றா பேசுகிறான்?

அந்த வகுப்புக்குப் பிறகு நமக்கும் ஒரு நோய் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளரிடம் உச்சிப்படிச் சொற்களைச் சொன்னால் மதிப்பெண் உண்டு என்றார்கள். விடுவோமா? தொட்டதற்கெல்லாம் 'அப்சலூட்லி', தும்மினால் 'டெஃபினிட்லி'. நம் நண்பர் ஒருவர், முன்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாரே அவர்தான், வெறும் 'ஹாப்பி' போதாது என்று 'ஐ ஆம் டூ ஹாப்பி டு ஹெல்ப் யூ' என்றாராம். லிஃப்டுக்குள் இருந்தவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப உங்க சந்தோஷம் கொஞ்சம் தணிஞ்சதும் கூப்பிடட்டுமா?" என்ற பொருளில் கேட்டாராம். அன்று முதல் இவருக்கு 'டூ ஹாப்பி' என்றே பெயர் நின்றுவிட்டது.

என் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். என் மனைவி ஏதோ மனத்தாங்கலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்துப் பழக்கம், வாய் தானாகவே, "ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட்" என்றது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கம்ப்ளீட்டா வேண்டாம், பாதி புரிஞ்சா போதும். முதல்ல அந்த போனைக் கீழ வைங்க" என்றாள். தாய்மார்கள் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

தண்ணீர் இருக்கிறதா? கொஞ்சம் கொடுங்கள். நன்றி.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். எத்தனையோ ஆண்டுகளாக அவர்கள் குரலைக் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பலர், சின்னத் தொல்லைக்குப் பெரிய சொல்லைச் சொல்வார்கள், பெரிய துன்பத்துக்குச் சின்னச் சொல்லைச் சொல்வார்கள். காப்பி ஆறிப்போனால் 'டெரிப்லி', கால் முறிந்துவிட்டால் 'எ பிட்'. இது என்ன விசித்திரம் என்று நாம் சிரிக்கிறோம். சிரிக்க நமக்குத் தகுதி உண்டா? நாம் என்ன செய்கிறோம்?

"ரொம்ப நாளாச்சு பார்த்து" என்று போன வாரம் பார்த்தவரிடம் சொல்கிறோம். "ரொம்பத் தலைவலி" என்று பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்தைச் சொல்கிறோம். ஆனால் உண்மையிலேயே முடியாமல் போகும்போது? "கொஞ்சம் உடம்பு சரியில்ல." வேலை போனவன் சொல்வது என்ன? "கொஞ்சம் கஷ்டம்." பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டுத் தனிக்குடித்தனம் போன வீட்டில் தகப்பன் சொல்வது என்ன? "அவனுக்கு என் மேல கொஞ்சம் கோபம்." அந்தக் கொஞ்சத்தை அளக்க எந்தக் கடையில் படி விற்கிறது? வாய்விட்டுச் சொன்னால் உடைந்துவிடுவோம் என்று பயந்து, மலையைக் கைக்குட்டையால் மூடுகிறோம். ஊர் வேறு, உடை வேறு, உச்சரிப்பு வேறு. கைக்குட்டை மட்டும் ஒன்றுதான்.

இதோ, ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'வகுப்பு போதும், விஷயத்துக்கு வரவும்' என்று எழுதியிருக்கிறது. வருகிறேன் ஐயா. விஷயம் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அவளை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயரைச் சொன்னால் அவளுக்கே அடையாளம் தெரியாது. 'மகாராணி' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். தாமதமாக வருவாள். வந்ததும் மின்விசிறிக்காகச் சண்டை போடுவாள். ஏன் தாமதம் என்று கேட்டால், "வந்துட்டேன்ல, அப்புறம் என்ன?" என்பாள். என்னோடு அவள் சண்டை போடாத நாள் எனக்கு விடுமுறை நாள். உச்சிப்படிச் சொற்களைச் சொல்லவே மாட்டாள், அதனால் அவளுடைய மதிப்பெண் எப்போதும் தரையோடு தரை. முறைக்காதே அம்மா, உனக்காகத்தான் பேசுகிறேன்.

போன மாதம் ஒரு மதிய நேரம். வெயில் கொளுத்துகிறது. அந்தப் பக்கத்துக்கு அப்போது இருந்தது ஒரே மெக்கானிக். மகாராணிக்கு அடுத்தடுத்து இரண்டு அழைப்புகள் வந்தன.

முதல் அழைப்பு ஒரு பெரிய வாடிக்கையாளர். பல கட்டடங்களை நிர்வகிப்பவர். நாம் சோறு தின்பதே தன்னால்தான் என்று அடிக்கடி நினைவூட்டுகிறவர். அவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்ளவில்லை, தோழர்களே. வெளியே நின்றுகொண்டிருக்கிறார். புதிதாக வாங்கிய சோபாவை மாடிக்கு ஏற்ற வேண்டும், லிஃப்ட் மெதுவாக வருகிறது. அதற்கு அவர் சொன்ன சொற்கள் 'எக்ஸ்ட்ரீம்லி அர்ஜென்ட்', 'டோட்டலி அன்அக்செப்டபிள்', 'அப்சலூட்லி டெரிபிள்'. ஏணியின் உச்சிக்கே ஏறி, அங்கிருந்தும் எம்பிக் குதிக்கிறார். விதிப்படி சிவப்பு.

இரண்டாவது அழைப்பு ஒரு வயதான அம்மாள். தனியாக வசிப்பவர். கடைக்குப் போய்விட்டு வரும் வழியில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே மின்விசிறி ஓடவில்லை. அவர் பேசிய பதிவைப் பின்னால் நடந்த விசாரணையின்போது எங்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டார். 'ஐ ஆம் க்வைட் ஆல் ரைட்' என்றார். உள்ளே 'ராதர் வார்ம்' என்றார். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, 'ஐ ஆம் ஜஸ்ட் எ லிட்டில் டயர்ட்' என்றார். முதலில் மற்றவர்களைக் கவனியுங்கள், எனக்கு அவசரமில்லை என்றார். எல்லாம் ஏணியின் கீழ்ப்பகுதிச் சொற்கள். விதிப்படி பச்சை.

மகாராணி என்ன செய்தாள்? சோபாவுக்குப் பச்சை தட்டினாள். அம்மாவுக்குச் சிவப்பு தட்டினாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "அண்ணே, சாப்பாட்டை அப்படியே மூடி வைங்க. உடனே கிளம்புங்க" என்றாள். கிளம்பினார்.

அந்த மெக்கானிக் விசாரணையில் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "கதவை நெம்பித் திறந்தப்ப அந்தம்மா தரையில உட்கார்ந்திருந்தாங்க சார். முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. உங்களைக் கொஞ்சம் சிரமப்படுத்திட்டேன்னு அவங்க பாஷையில சொன்னாங்க. சொல்லிட்டு அப்படியே என் கை மேல சாஞ்சுட்டாங்க." அதன்பின் ஆம்புலன்ஸ், மருத்துவமனை, இதயத்தில் அடைப்பு. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கதை வேறு என்றார்கள் மருத்துவர்கள். அந்த அம்மாள் இன்று உயிரோடு வீட்டில் இருக்கிறார்.

கைதட்ட வேண்டாம். இன்னும் முடியவில்லை.

சோபாக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். நிறுவனம் மகாராணியை விசாரணைக்கு அழைத்தது. குற்றச்சாட்டு, விதியை மீறித் தன் இஷ்டப்படி நிறத்தை மாற்றினாள் என்பது. முடிவை நாளைக் காலையில் நம் தலைவர் எழுத வேண்டும். அவள் வேலை இருப்பதும் போவதும் அவர் கையில் இருக்கிறது. அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி என்பதை இங்கே பலர் அறிவீர்கள்.

விசாரணையில் நம் தலைவர் அவளிடம் நியாயமாகத்தான் கேட்டார். "அவங்க வாயாலயே நல்லா இருக்கேன்னு சொல்றாங்க. நீ எதை வச்சும்மா சிவப்பு போட்ட?"

அவள் சொன்னாள். "எங்க மாமியார் மாதிரி பேசினாங்க சார்."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் மாமியாருக்கும் ஆகாது என்பது கூடத்துக்கே தெரிந்த சங்கதி. அவள் சிரிக்கவில்லை. "எங்க மாமியாருக்கு என்னைத் திட்டணும்னா ரொம்ப ரொம்பன்னு நாக்கு நீளும் சார். உடம்புக்கு வந்தா மட்டும் கொஞ்சம்பாங்க. கொஞ்சம் மயக்கமா இருக்கு, நீ போய் வேலையைப் பாரும்பாங்க. ஒரு தடவை அப்படியே விட்டுட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தா கொல்லையில விழுந்து கிடந்தாங்க. நல்லா இருக்கிறவங்க அடுத்தவங்களை முதல்ல பாருங்கன்னு சொல்ல மாட்டாங்க சார். எனக்கு என்னன்னு கேட்டுச் சண்டைதான் போடுவாங்க. என்னையே எடுத்துக்கங்களேன்."

தலைவர் அதற்கு ஒரு பதில் சொன்னார். அதையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை. "ஆளாளுக்கு மாமியாரை நினைச்சுக்கிட்டு கலர் மாத்த ஆரம்பிச்சா, அப்புறம் விதின்னு ஒண்ணு எதுக்கு? நாளைக்கு இன்னொருத்தர் தப்பா ஊகிச்சு ஒரு உயிர் போனா யார் பதில் சொல்றது?" நல்ல கேள்வி. நானும் அதைத் தலையில் போட்டுக்கொண்டு பல நாள் புரண்டிருக்கிறேன். விதி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சண்டைக்காரியை மாலை போட்டுச் சாமியாக்கவும் வரவில்லை. எனக்கு அதற்கெல்லாம் தெம்பும் இல்லை.

நான் கேட்பது இதைத்தான். இந்த ஏணியை நாம் சுவரில் சாய்த்த நாளிலிருந்து என்ன நடந்தது? கத்துகிறவர்கள் கற்றுக்கொண்டார்கள். 'எக்ஸ்ட்ரீம்லி' என்றால் ஆள் வருகிறான் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது கதவு கிறீச்சிட்டாலும் 'எக்ஸ்ட்ரீம்லி'. கண்ணாடியில் தூசி இருந்தாலும் 'டோட்டலி'. திரை முழுக்கச் சிவப்பு. எல்லாமே சிவப்பென்றால் எது சிவப்பு? உரக்கச் சொல்பவனுக்கு உடனே உதவி. உள்ளுக்குள் உருகுகிறவனுக்கு உட்கார இடமில்லை. அலறத் தெரிந்தவனுக்கு ஆள் உண்டு. அடக்கிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு யார் உண்டு? கத்தத் தெரியாதவர்கள் எல்லாம் பச்சை விளக்கின் கீழே காத்திருந்தே சாக வேண்டுமா?

மேடைக்காரனான எனக்கும் இதில் பங்கு உண்டு என்பீர்கள். உண்டுதான். மாபெரும், மாண்புமிகு, மகத்தான, மட்டற்ற என்று எத்தனை மாலைகளை எத்தனை கழுத்துகளில் போட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு உங்கள் காது மரத்துவிட்டது, சொல்லிச் சொல்லி என் நாக்கு மரத்துவிட்டது. அதனால்தான் இன்று எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அந்த அம்மாள் பேசிய அளவுக்குத்தான் நானும் பேச வேண்டும் என்று வந்தேன்.

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. கால் மாற்றி நின்றேன், அவ்வளவுதான். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

தலைவர் அவர்களே, ஆங்கில அளவுச் சொற்களை இயல்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று இந்த வகுப்பு முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன். சொல்லை மட்டும் கேட்காதீர்கள். சொன்னவர் யார், எங்கே மாட்டிக்கொண்டு சொல்கிறார், சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்பதைக் கேளுங்கள். 'வெரி' என்றால் ஒருவேளை வெறும் வாய் வீச்சு. 'எ லிட்டில்' என்றால் ஒருவேளை எல்லாமே. இதற்கு அட்டவணை கிடையாது. இதற்கு இருப்பது பக்கத்தில் ஒரு மனிதக் காது. அதை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, ஏணியை மட்டும் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்?

நாளைக் காலையில் அவளைக் கூப்பிட்டு, "போய் உன் சீட்ல உட்காரும்மா" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. சொல்லிவிட்டால், பத்திரமாக வைத்திருக்கும் அந்தப் 'பெரு'வை எடுத்து, பெருமதிப்பிற்குரிய என்று உங்களை மனமார அழைப்பேன். வாய் வார்த்தையாக அல்ல, உண்மையாகவே.

தலைவர் ஏதோ சொல்கிறார். என்ன ஐயா? "கொஞ்சம் யோசிக்கணும்" என்கிறார். சரி. உங்கள் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. பெரிதாக இருக்கட்டும் என்று நம்புகிறேன்.

இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்ட தோழர்களுக்கும், பிள்ளைகளை மடியில் தூங்க வைத்துக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும், கிளம்பாமல் உட்கார்ந்திருந்த வாசலோரத்து அறிவாளிகளுக்கும், அரங்கம் தந்த நிறுவனத்துக்கும் என் நன்றி. இன்னும் இரண்டொரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. எனக்குக் கொஞ்சம் களைப்பாக இருக்கிறது.

யாரது பேச்சின் நடுவில் எழுந்து வருவது? மகாராணியா? என்னம்மா, கையில் என்ன? நாற்காலியா? இங்கே எதற்கு? என்ன சொல்கிறாய்?

"பேசாம உட்காருங்க அண்ணே. அப்ப இருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். நிக்கவே முடியல உங்களால."

நான் கொஞ்சம் என்றுதானே அம்மா சொன்னேன்.

தலைவர் அவர்களே, நீங்களும் கேட்டீர்கள். மேடையில் இருப்பவர்கள் கேட்டார்கள். அரங்கம் முழுக்கக் கேட்டது. நாற்காலி ஒன்றுதான் வந்தது.

எல்லோருக்கும் வணக்கம். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.